என் வீட்டு நான்காவது குழாய்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு முந்தைய ஏதோ ஒரு வளைவு. ஜீப்பின் பின்படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு காலை வைக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு சேவலைக் கூடையோடு வைத்திருந்தார்கள். உள்ளே என் மனைவி மல்லிகா, ஓர் அண்டாவுக்கும் அதைவிடச் சற்றுப் பெரிய ஓர் அம்மாளுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருந்தாள். கீழே பள்ளம். அடியில் இருந்த மரங்கள் சந்தையில் விற்கும் கொத்தமல்லிக் கட்டுகள் மாதிரி தெரிந்தன.

எனக்குப் பயமாக இருந்தது. உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்கியது.

பள்ளத்தைப் பார்த்து இல்லை. மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சியில், என் வீட்டுப் பின்சுவரில் ஒரு பிவிசி குழாய் இருந்தது. அதை நினைத்து.

சேவல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

போன வாரம் இதே பக்கத்தில், நான் மின்விசிறிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் படுத்த கதையைப் படித்துவிட்டு, சின்னசேலத்திலிருந்து ஒரு வாசகர், "இவரைக் கவனிக்க வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறார்கள் ஐயா. வீட்டில் மட்டுமில்லை, தெருவிலும் இருக்கிறார்கள்.

முதலில் ஜீப்பை முடித்துவிடுகிறேன். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு நல்ல பேருந்து நின்றது. உட்கார இடமும் இருந்தது. ஆனால் அந்த ஓட்டுநர் யாரென்று எனக்குத் தெரியாது. கண்ணாடி வேறு போட்டிருந்தார். கண் சரியில்லாமல்தானே கண்ணாடி என்று தோன்றிவிட்டது. ஜீப் ஓட்டுகிறவரோ என் கடையில் மோட்டார் வாங்கியவர். அவருடைய மாமனாரையும் எனக்குத் தெரியும். மாமனாரைத் தெரிந்தால் பிரேக் பிடிக்கும் என்பது என் கணக்கு.

தூக்கிப் பார்க்கும் சோதனை

எனக்குக் கள்ளக்குறிச்சியில் குழாய், மோட்டார் கடை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு விவசாயிகள் வருவார்கள். மோட்டாரின் குதிரைத்திறன், அது இழுக்கும் மின்சாரம், கம்பெனி தரும் உத்தரவாதம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்வேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குனிந்து மோட்டாரை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள். சுலபமாக வந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

"இன்னாப்பா இது, பஞ்சு மாதிரி கீது" என்பார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டால்தான் அது நல்ல மோட்டார்.

கல்லாவுக்குப் பின்னால் நின்று நான் சிரித்திருக்கிறேன். என் லட்சணம் எப்படி என்றால், முன்பு ஒரு சமயம் ஊரெல்லாம் ஈமு கோழி வளர்த்தது. என் கையிருப்பை வங்கியில் வைப்புத் தொகையாகப் போடச் சொன்னார் ஒரு நண்பர். வைப்புத் தொகையைத் தொட்டுப் பார்க்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். ஈமுவைத் தொட்டுப் பார்த்தேன். கொத்தியது. ரத்தம் வந்தது. காசு போட்டால் இப்படி உயிரும் உணர்ச்சியுமாக இருக்க வேண்டும் என்று மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒருநாள், காசை வாங்கிக்கொண்டு ஈமுவைக் கொடுத்த நிறுவனம் பூட்டிக்கொண்டு போய்விட்டது. ஈமுக்கள் போகவில்லை. என் கடையின் வாஷர்களைத் தின்று, அவற்றையும் ஜீரணித்து, வெகுகாலம் ஆரோக்கியமாக இருந்தன.

ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவேன். நாலுமுனைச் சந்திப்பில் போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் மட்டும் தலைக்கு மாற்றுவேன். என் மண்டை அந்த ஓர் இடத்தில்தான் உடையும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பேருந்து நிலையத்தில் வெட்டி வைத்த பழம் தின்ன மாட்டேன், கிருமி. வயல் பம்புசெட்டில் குனிந்து அள்ளிக் குடிப்பேன், அது நான் விற்ற மோட்டார்.

மூக்கைச் சிந்திய மனிதர்

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அடுத்த மாதம் நாள் குறித்திருந்தோம். அவளுக்கான நகை வங்கி லாக்கரில் இருந்தது. ஆரம், அட்டிகை, வளையல்கள், ஜிமிக்கி. மல்லிகா தன் பழைய நகையை அழித்தும், நகைச் சீட்டு கட்டியும், எனக்குத் தெரியாமல் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தும் வருடக்கணக்கில் சேர்த்தது. அது போனால் மறுபடி வாங்க எங்களுக்குத் தெம்பில்லை. கல்யாணமும் அதோடு போகும்.

அந்த நேரம் பார்த்து கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவர், தன் லாக்கரைத் திறந்தால் உள்ளே கரையான் புற்று இருந்தது என்று சொல்லி அழுதார். நடுவில் மூக்கைச் சிந்தினார். அந்தச் சிந்தலில்தான் நான் விழுந்தேன். பொய் சொல்கிறவன் வேலை மெனக்கெட்டு மூக்கைச் சிந்துவானா?

மல்லிகாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"கரையான் தங்கத்தத் தின்னுமாங்க?"

"தங்கத்தத் தின்னாது. தங்கம் இருக்கிற டப்பாவத் தின்னும். டப்பா போச்சுன்னா தங்கம் தனியா நிக்கும்."

"நின்னா இன்னா? அதுக்கு இருட்டுல பயமா?"

எனக்குத் தூக்கம் போனது. நான் தூங்காவிட்டால் அவளையும் தூங்கவிடுகிற ஆள் இல்லை. ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, "எடுத்தாந்து உங்க தலமேலயே வெச்சிக்கோங்க" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் போகாத குழாய்

நகை வீட்டுக்கு வந்தது. எங்கே வைப்பது? பீரோ, திருடன் முதலில் பார்க்கும் இடம். அரிசிப் பானை, திருடன் சின்ன வயதில் தன் வீட்டிலேயே பார்த்த இடம். யோசித்து யோசித்துக் கடைசியில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது.

எங்கள் வீட்டுப் பின்சுவரில் மழைத் தண்ணீருக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று மூன்று குழாய்கள் இறங்குகின்றன. நான்காவதாக ஒன்று இறங்கினால் எந்தத் திருடன் நின்று எண்ணப் போகிறான்?

கடையிலிருந்து நாலங்குலக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தேன். நகையை என் பழைய பனியனில் சுற்றி அடியில் திணித்தேன். சத்தம் வரக் கூடாது பாருங்கள். இரு முனையிலும் மூடி போட்டுப் பசை தடவி ஒட்டினேன். குளியலறை ஜன்னல் உயரத்துக்கு மேல் போகும்படி சுவரோடு நிறுத்தி, இரண்டு கிளிப் அடித்தேன். இரண்டே இரண்டு. தண்ணீரே போகாத குழாய்க்கு எதற்கு நிறைய கிளிப்? கிளிப் என்ன சும்மாவா வருகிறது?

மல்லிகா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"எல்லாரும் நகைய லட்சுமின்னு சாமி ரூம்ல வெப்பாங்க. நீங்க கக்கூஸ் பைப்புக்குப் பக்கத்துல காவலுக்கு நிக்க வெச்சிட்டீங்க."

அன்றிலிருந்து தினமும் பல் தேய்க்கும்போது அந்தக் குழாயை ஒருமுறை செல்லமாகத் தட்டிக்கொடுப்பேன்.

ஆளில்லாத வீட்டில் ஆள் இருந்தது

இப்படி இருக்கையில் மலைமேல் இருக்கும் பொன்னன், பேரனுக்குக் காதுகுத்து என்று வந்து அழைத்தார். ஓடையிலிருந்து அவர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரக் குழாய் கொடுத்தவன் நான். போகாமல் இருக்க முடியாது. ஒரு ராத்திரி தங்க வேண்டும். மறுநாள் அமாவாசை. மதியத்துக்குள் திரும்பிவந்து என் அப்பாவுக்குப் படைத்துவிடலாம் என்று ஏற்பாடு.

எதிர்வீட்டு ராஜாமணியக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று மல்லிகா கிளம்பினாள். நான் குறுக்கே நின்றேன். எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தாளிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறவர் ராஜாமணியக்கா. அவரிடம் சொன்னால் பால்காரருக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரிந்தால் உளுந்தூர்பேட்டை வரை தெரியும். இதுதான் என் பாதுகாப்பு ஆராய்ச்சியின் முடிவு.

யாருக்கும் சொல்லவில்லை. விடியுமுன் கிளம்பினோம். முன்கதவை உள்பக்கம் தாழ் போட்டேன், வெளியே பூட்டுத் தொங்கினால்தானே திருடனுக்குத் தெரியும். கூடத்தில் விளக்கும் டிவியும் ஓடட்டும் என்று விட்டேன். கொடியில் ஒரு லுங்கி. பிறகு பின்கதவைச் சாத்தி, கதவோடு பதித்த பூட்டைச் சாவியால் பூட்டிவிட்டு, பின்சந்து வழியாகச் சொந்த வீட்டிலிருந்தே திருடர்கள் மாதிரி வெளியேறினோம்.

மல்லிகா பையோடு சந்தில் நின்றிருந்தபோது எனக்கு ஒரு கடைசி யோசனை வந்தது. காலையில் கோலம் இல்லாத வாசலைப் பார்த்தால் ஆளில்லை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். திருநாவலூர் கோயில் வாசலில் எப்போதோ வாங்கிய ஸ்டிக்கர் கோலம் ஒன்று இருந்தது. நடுவில் பெரிய தாமரைப்பூ. சுற்றிக்கொண்டு ஓடிப்போய், முன்வாசலில் ஒட்டி, காலால் நாலு மிதி மிதித்துவிட்டு வந்தேன். மல்லிகாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே கிழித்திருப்பாள்.

மலையில் காதுகுத்து நன்றாகத்தான் நடந்தது. சாமைச் சோறும் கோழிக் குழம்பும். எனக்கு இறங்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்ப்பேன், அங்கே சிக்னல் கிடையாது. வைப்பேன். மறுபடி எடுப்பேன். பொன்னன் வந்து ஏன் அண்ணன் சாப்பிடவில்லை என்று கேட்டார்.

"அவுரு பைப்ப நெனச்சிக்கினு இருக்காரு" என்றாள் மல்லிகா.

பொன்னன் நெகிழ்ந்துவிட்டார். "தண்ணி நல்லா வருதுண்ணா. நீங்க அதுக்குப் போயி இவ்ளோ கவலப்படலாமா?" என்று இன்னும் இரண்டு கரண்டிக் குழம்பை ஊற்றினார்.

மூன்றாவது செய்தி

மறுநாள் கூட்டம் அதிகமென்று வண்டி கிடைக்கத் தாமதமாகி, அதே ஜீப்பில் இறங்கி, கோமுகி அணைக்குப் பக்கம் வந்தபோது என் சட்டைப் பை நடுங்கியது. வராத அழைப்புகளெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் ராஜாமணியக்காவின் கணவர் ஏழுமலை மாமாவிடமிருந்து. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். மூன்று குறுஞ்செய்திகளும் அனுப்பியிருந்தார். முதலாவது, எங்க இருக்கீங்க. இரண்டாவது, உயிரோட இருக்கீங்களா. மூன்றாவது, பைப்பு ஒடஞ்சிடுச்சி.

இரண்டாவதற்கு எனக்குப் பதில் தெரியும். மூன்றாவதைப் படித்ததும் அதுவும் சந்தேகமாகிவிட்டது.

திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. மல்லிகாவிடம் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். அதுவரை நான் பயந்த பயமெல்லாம் சும்மா ஒத்திகை என்று அப்போதுதான் தெரிந்தது. கள்ளக்குறிச்சி வரை மாமாவின் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஓட்டுநர் ஒருமுறை, தன் மாமனார் எனக்கு வணக்கம் சொல்லச் சொன்னதாகச் சொன்னார்.

தெருவில் நடந்தது

நடந்ததைப் பிற்பாடு தெருவே ஆளுக்கொரு துண்டாகச் சொன்னது. ஒட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது.

முந்தின நாள் முழுக்க எங்கள் முன்கதவு திறக்கவே இல்லை. டிவி மட்டும் கத்தியது. சண்டை போலிருக்கிறது, நாமேன் தலையிட வேண்டும் என்று ராஜாமணியக்கா நாகரிகமாக விட்டுவிட்டார். சாயங்காலம் தூறலில் லுங்கி நனைந்தது. எடுக்க யாரும் வரவில்லை. அப்போதும் பொறுத்தார்.

அமாவாசை அன்று காலை வாசலில் தாமரைப்பூ அப்படியே இருந்ததைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. அமாவாசையில் முன்னோருக்குப் படைக்கிற வீட்டில், படையல் முடிகிற வரை வாசலில் கோலம் இருக்காது. மல்லிகா வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. தவறியிருக்கிறது என்றால் மல்லிகா உயிரோடு இல்லை. ராஜாமணியக்காவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

தெரு கூடியது. கதவைத் தட்டினார்கள். உள்ளே தாழ். விளக்கு எரிகிறது, டிவியில் யாரோ ஒரு பெண் அழுகிறாள், கூப்பிட்டால் பதிலில்லை. கேஸ் கசிந்து இரண்டு பேரும் உள்ளேயே போய்விட்டார்கள் என்று ஒரு கட்சி. நான் மல்லிகாவுக்கு எதையோ கொடுத்துவிட்டு நானும் குடித்துவிட்டேன் என்று ஒரு கட்சி. அவனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது என்று என்னைத் தெரிந்தவர்கள் ஒரு கட்சி.

ஏழுமலை மாமா பின்பக்கம் போனார். பின்கதவும் திறக்கவில்லை. குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம் என்று மேலே நோக்கினார். பக்கத்தில் நான்கு குழாய்கள். மூன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தன. நான்காவது புத்தம் புதிதாக இருந்தது. குழாய்க்கடைக்காரன் தன் கையால் தன் வீட்டுக்கு அடித்தது, இது யானையைத் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே அதைக் கட்டிப் பிடித்து ஏறினார்.

கம்பமெல்லாம் ஏறியவர். பாதி உயரம் போனதும் இரண்டு கிளிப்பும் சொல்லிவைத்ததுபோலக் கழன்றன. மாமா, குழாயை விடாமல், மெதுவாக மரம் சாய்கிற மாதிரி சாய்ந்து மணல் குவியலில் உட்கார்ந்தார். கணுக்கால் பிசகியது. குழாய் துணி துவைக்கும் கல்லில் மோதி அடிமூடி தெறித்தது. உள்ளேயிருந்து ஒரு பழைய பனியன் எட்டிப் பார்த்தது. காலைக் கட்டத் துணியாயிற்று என்று மாமா அதை இழுத்தார்.

மடியில் ஆரம் வந்து விழுந்தது.

தெரு இதையும் ஆராய்ந்தது. வீட்டுக்காரனே நகையைச் சாக்கடைக் குழாயில் வைப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே திருடன் வைத்திருக்கிறான். ஆகவே திருடன் இன்னும் உள்ளே இருக்கிறான். முன்கதவை உடைத்தார்கள். உள்ளே எந்தத் திருடனும் இல்லை. டிவியை மட்டும் அணைத்துவிட்டு வந்தார்கள்.

நாற்காலி

நாங்கள் தெருமுனையில் இறங்கியபோது என் வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜாமணியக்கா. பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. கழுத்தில் என் மகளின் அட்டிகை, அதன்மேல் ஆரம். முழங்கை வரை வளையல். ஊர்வலத்துக்கு எடுத்த அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தார், முகம் மட்டும் கடுகடு என்று.

மல்லிகாவைப் பார்த்ததும் அந்த முகம் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் பழையபடி ஆகிவிட்டது.

"ஏன் பாஸ்கரு, உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்கா."

"காலையிலேர்ந்து இந்தச் சேர்ல குந்திக்கினு இருக்கேன். ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சா எழுந்து போவணும். எழுந்து போனா நாளைக்கி ஒரு கம்மல் கொறஞ்சாலும் பேச்சு யாருக்கு வரும்?"

போலீசுக்குச் சொல்லலாமென்று யாரோ சொன்னார்களாம். அக்கா விடவில்லை. நகை சாட்சியாகப் போய்விட்டால் பொண்ணு கழுத்துக்கு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். யார் வீட்டிலும் வைக்கவும் சம்மதிக்கவில்லை. எல்லார் கண்ணும் பார்க்கிற இடத்தில், எல்லாருக்கும் தெரிந்த உடம்பில் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப நன்றிக்கா, குடுங்க" என்று கையை நீட்டினேன். அக்கா துண்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்.

"உங்கிட்டயா? கக்கூஸ் பைப்புல சொருகி வெக்கிற ஆளுகிட்டயா? மல்லிகா, நீ வாம்மா. ஒன்னொன்னா கழட்டு. தெரு பார்க்கட்டும்."

தெருவில் ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை.

மல்லிகா கழற்றினாள். ஆரம். அட்டிகை. வளையல்கள். காதைப் பார்த்தாள், கை நின்றுவிட்டது. ஒரு காதில் ஜிமிக்கி இருந்தது. இன்னொரு காதில் அக்காவின் சொந்தக் கம்மல்.

"ஒத்த ஜிமிக்கிதாம்மா கெடச்சுது. நான் சாமி மேல சத்தியமா சொல்றேன்" என்றார் அக்கா. அவ்வளவு நேரம் அதட்டிய குரல் அதில் இல்லை. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காலையிலிருந்து எனக்காகப் பட்டினி கிடந்த பெண் என் முன்னால் சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் குனிந்து, நானும் தரையில் தேடுவதுபோல நடந்தேன்.

அப்படிக் குனிந்ததில்தான் ஓரத்துக் கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமாவின் கால் கண்ணில் பட்டது. என் பனியனால் இறுகக் கட்டியிருந்தார். அவிழ்க்கப் போனேன். வலிக்குமென்று அலறினார். மல்லிகா வந்து அவிழ்த்தாள். கடைசி மடிப்பிலிருந்து ஜிமிக்கி உருண்டு வந்தது.

"அதான் சுருக்கு சுருக்குன்னு குத்திக்கினே இருந்துச்சா" என்றார் மாமா. "நான் எலும்புதான் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அக்கா காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. எழுந்து, காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றி மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லைப்புறம் நோக்கி ஓடினார். அந்த வயதில் அத்தனை வேகத்தை நான் பார்த்ததில்லை.

வங்கி வாசலில்

அன்று ராத்திரி நகையும் மல்லிகாவும் ராஜாமணியக்கா வீட்டில் தூங்கின. கதவில்லாத என் வீட்டில் நான் தனியாகப் படுத்திருந்தேன். திருட இனி ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால் நன்றாகத் தூங்கினேன்.

வங்கி திறந்ததும் நகை லாக்கருக்கே திரும்பியது. ஜீப்பைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். மல்லிகாவும் அக்காவும் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஓட்டுநர் கண்ணாடி போட்டிருந்தார். நான் பின்னால் வண்டியில் போனேன்.

வங்கி வாசலில் மல்லிகா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். லட்சுமியைக் கொண்டுபோகும்போது காலில் செருப்பு கூடாது என்றார் அக்கா. நானும் செருப்பைக் கழற்றப் போனேன்.

"நீ எங்க வர்ற? நீ இங்கியே இரு. இதப் பாத்துக்க."

இரண்டு ஜோடிச் செருப்பு. மல்லிகாவுடையது வார் அறுந்து ஊக்கு குத்தியது. அக்காவுடையது அதைவிட மோசம். அவற்றை என் பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் படியேறினார்கள். நான்காவது படியில் ராஜாமணியக்கா நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, தன்னுடையதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.